மாடத்தி கை வைத்துப் பார்த்த தரை

சிவகாசிப் பக்கத்தில் தரை லேசாக அதிர்ந்தால் ஆட்கள் முதலில் நாலு திசையிலும் வானத்தின் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் புகை எழும்புகிறது, அது எந்தக் கம்பெனி, அங்கே நம் வீட்டு ஆள் யாராவது வேலைக்குப் போயிருக்கிறார்களா என்பதுதான் நினைப்பு. பூமி தானாகவும் அசையும் என்ற எண்ணம் இங்கே யாருக்கும் சட்டென்று வராது. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரியான மாடத்திக்கும் அது வரவில்லை. அதனால்தான் அவள் பட்ட பாடெல்லாம் பட்டாள்.

மாடத்திக்கு வயசு ஐம்பதைத் தொடப் போகிறது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமான புதிதில் கிணறு வெட்டுகிற இடங்களில் மண் சுமந்தாள். மேலே கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், பிறகு பாறை. பாறைக்கு வெடி வைக்கிற அன்று மட்டும் சுமக்கிற பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும். மழை தவறித் தவறிப் போய்க் காட்டு வேலையும் கிணற்று வேலையும் இல்லாமல் ஆனபோது, ஊரில் எல்லோரும் ஏறிய வேனில் அவளும் ஏறினாள். அன்றிலிருந்து தனுஷ்கோடி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வெடிக் குழாய்களுக்குத் திரி ஏற்றுகிற வேலை.

பக்தி என்றால் சாதாரணப் பக்தி இல்லை. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போவாள். கம்பெனியில் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகுமுன் அதைத் தொட்டால் உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கிவிடும், வெடிமருந்தில் பொறி பட்டுவிடாது என்று போர்மேன் சபரிநாதன் சொல்லியிருந்தார். மற்றவர்கள் தொட்டுவிட்டுப் போவார்கள். மாடத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"அது சாமி இல்லம்மா, தகடு" என்பார் சபரிநாதன்.

"காப்பாத்துதுல்ல சார், அப்ப ஒரு கும்பிடு போட்டா என்ன கொறஞ்சிரும்" என்பாள் மாடத்தி.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் அது நடந்தது. ஓர் அறைக்கு நாலு பேர் என்பது கணக்கு. மாடத்தி, அவளோடு பல வருஷமாக வேலை பார்க்கும் பாண்டிமீனா, இன்னும் இரண்டு பெண்கள் ரப்பர் விரிப்பில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாடத்திக்குக் கால் மரத்துப்போயிற்று. எழுந்திருக்கலாம் என்று இடது உள்ளங்கையை விரிப்புக்கு வெளியே சிமெண்டுத் தரையில் ஊன்றினாள். கைக்குக் கீழே தரை நடுங்கியது. ஈ உட்கார்ந்தால் மாடு தோலை மட்டும் சிலிர்த்துக்கொள்ளுமே, அந்த மாதிரி ஒரு நடுக்கம்.

தூரத்தில் ஒரு கம்பெனி வெடித்தால் முதலில் தரைதான் சொல்லும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். இது மாடத்தி அனுபவத்தில் கண்டது. அவள் யோசிக்கவே இல்லை.

"வெடிச்சிருச்சுடி! எந்திரிங்க, ஓடுங்க!"

பட்டாசுக் கம்பெனியில் ஒரு குரல் கேட்டால் போதும். ஏன், எங்கே என்று யாரும் நின்று கேட்பதில்லை. பக்கத்து அறை, அதற்கடுத்த அறை, காகிதக் குழாய் உருட்டுகிற கொட்டகை என்று எல்லோரும் வெறுங்காலோடு வேலியைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் ஓடினார்கள். மருந்து காய வைக்கிற மேடையை ஒட்டித்தான் வழி. அந்த வழியாகத்தான் அத்தனை கூட்டமும் போனது.

காட்டுக்குள் நின்று சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. நாலு பக்கமும் பார்த்தார்கள். புகையும் இல்லை. காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பாண்டிமீனா கேட்டாள்.

"எந்தப் பக்கம்க்கா வெடிச்சது?"

"தெரியலடி. தரை அதிர்ந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. நான் ஒங்க பக்கத்துலதான இருந்தேன்?"

சபரிநாதன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "யாரு கத்துனது? மாடத்தியா? எங்கம்மா வெடிச்சது, சாத்தூர்லயா, சந்திரமண்டலத்துலயா? ஒரு ஈ காக்கா சத்தம் போடல, நீ பாட்டுக்கு இம்புட்டுப் பேத்தையும் வெரட்டி விட்டிருக்க?"

மாடத்திக்கு மானம் போனது போல ஆயிற்று. "கையில தெரிஞ்சுச்சு சார்" என்று மெல்லச் சொன்னாள். அவர் அடுத்து என்ன சொல்ல வாயெடுத்தாரோ, அது வெளியே வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், காய வைக்கிற மேடையிலிருந்து புஸ்ஸென்று பச்சையும் சிவப்புமாக நெருப்பு எழும்பியது. மேடை மேல் விரித்திருந்த சாக்கு, தட்டுகள், பக்கத்தில் நின்ற இரண்டு தள்ளுவண்டிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிந்து அடங்கின. அந்த நேரத்தில் வழக்கம்போல மேடையருகே ஆறேழு பெண்கள் மருந்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் இப்போது காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாண்டிமீனா கையிலிருந்த முள்ளோடு அப்படியே மாடத்தியின் காலில் விழுந்தாள்.

"ஏய், எந்திரிடி, என்னடி இது!" என்று மாடத்தி விலகினாள். அதற்குள் இன்னும் நாலு பேர் விழுந்துவிட்டார்கள்.

அன்றைக்கே மூன்று பேச்சு கிளம்பியது. மாரியம்மன்தான் மாடத்தி கையில் வந்து சொன்னாள் என்பது பெண்களின் பேச்சு. இவள் கத்தாமல் இருந்தால் மேடை எரிந்தே இருக்காது, ஓடுகிற வேகத்தில் எவளோ தட்டை இடறிவிட்டதால்தான் உரசிப் பற்றியது என்பது சபரிநாதன் பேச்சு. மாடத்தியிடம் மூன்றாவது ஒன்று இருந்தது. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. இந்த இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. காப்பாற்றினோமா, கொளுத்திவிட்டோமா? சோற்றுப் பானை முன் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. முதல் நாள் காலையில் பெண்கள் அறைகளுக்கு வெளியே நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

"அக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் பாண்டிமீனா.

"என்னத்தடி சொல்ல?"

"கைய வச்சுப் பாருங்க. போகலாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

மாடத்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சுற்றி நின்ற முகங்கள் எதிலும் சிரிப்பு இல்லை. அவர்களுக்காக மனசு இரங்கி, குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். தரை தரையாகத்தான் இருந்தது. காலைக் குளிர்ச்சி, இரண்டு மணல் பரல். "ஒண்ணும் இல்ல. போங்க" என்றாள். எல்லோரும் போனார்கள்.

மறுநாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். அது பழக்கமாகிவிட்டது. வேன் வந்து நின்றதும் மாடத்தி முதலில் இறங்க வேண்டும், தரையைத் தொட வேண்டும், "போங்க" என்று சொல்ல வேண்டும். பக்கத்துக் கம்பெனிகளில் பயந்துபோய்ப் பாதி ஆள் வராத நேரத்தில் தனுஷ்கோடி முதலாளி கம்பெனியில் ஓர் ஆள் குறையவில்லை. தீபாவளி ஆர்டர் மலை மாதிரி குவிந்திருந்தது. முதலாளியே ஒரு நாள் காரை நிறுத்தி, "மாடத்தி, ஒடம்பு கிடம்பு சொகந்தான? ஒரு நாளும் லீவு போட்ராத தாயி. நீ வந்தாத்தான் மத்தவுக வாராக" என்றார். சந்திரமண்டலத்திலா வெடித்தது என்று அவளைக் கேட்ட சபரிநாதன்கூட, "கேட்டாச்சாம்மா? உள்ள போகச் சொல்லிறலாமா?" என்று பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

வீட்டில் அவள் புருஷன் சின்னச்சாமிக்கு இது பெரிய வேடிக்கை. அவன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். "ஊருக்கே தரையக் கேட்டுச் சொல்றா. கொழம்புல உப்புப் போட்டமான்னு மட்டும் அவளுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

மாடத்திக்கு "போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காது வெளியிலேயே இருந்தது. ஓர் அறைக் கதவு காற்றில் அடித்தாலும் பாதி எழுந்துவிட்டாள். விளக்கேற்றும்போது, "ஆத்தா, அன்னைக்கு நீதான் சொன்னியா? நீதான்னா இன்னொரு தடவ சொல்லு, எனக்குத் தெளிஞ்சுரும்" என்று வேண்டினாள். வேண்டி முடித்ததும், இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை எரியுமே என்று பதறி, "வேண்டாம் தாயி, சொல்லாத, நான் கேக்கல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதை வேண்டுவது என்றே தெரியாமல் எழுந்து வந்தாள்.

இந்த நிலையில் பாண்டிமீனா ஒரு காலையில் தன் மகள் பிரீத்திகாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். படிப்பு முடித்து வீட்டில் இருக்கிற பெண். இத்தனை வருஷமாக, என் மகள் இந்த மருந்து வாடையை மோந்துகூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பாண்டிமீனா.

"ஏன்டி கூட்டியாந்த?" என்றாள் மாடத்தி.

"சீசன் முடியற வரைக்கும் வரட்டும்க்கா. நீங்க இருக்கீகள்ல. அந்தத் தைரியத்துலதான் கூட்டியாந்தேன்."

அன்று மாடத்தி தரையைத் தொட்டபோது கை நடுங்கியது. அது தரையின் நடுக்கமா, கையின் நடுக்கமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. "போங்க" என்றுதான் அன்றும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. பேன்ட் சட்டை போட்ட ஒரு பெண், முப்பது வயசுக்குள் இருக்கும், தோளில் ஒரு பை, பைக்குள்ளிருந்து ஒரு சுத்தியலின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் தரை அதிர்ந்ததே, உங்களில் யாருக்காவது தெரிந்ததா என்று டீக்கடையில் கேட்டாள். கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு எங்க மாடத்திகிட்டத்தான் போகணும்" என்று கையோடு கூட்டி வந்துவிட்டார்கள். ஜீப்பில் வந்து குறி கேட்கிற அளவுக்குப் போய்விட்டது என்று தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

வந்தவள் பெயர் ஐஸ்வர்யா. பாறை, மண், பூமி அதிர்ச்சி இதையெல்லாம் படித்துவிட்டு அதே வேலையாக இருப்பவள். குறி கேட்க அவள் வரவில்லை. உட்கார்ந்திருந்தீர்களா நின்றிருந்தீர்களா, பாத்திரம் ஆடியதா, எந்தத் திசையிலிருந்து வந்த மாதிரி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாடத்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாடு தோலைச் சிலிர்ப்பது போல என்றதும் ஐஸ்வர்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அது நிஜமாகவே பூமி அதிர்ச்சிதான். ரொம்பச் சின்னது. தூரத்தில் இருக்கிற எங்கள் கருவியில் அந்த நேரத்துக்குச் சரியாகப் பதிவாகியிருக்கிறது. கையைத் தரையில் ஊன்றியிருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ரப்பர் மேல் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை."

மாடத்திக்கு முதலில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. பொய் சொல்லவில்லை, மனப்பிராந்தியும் இல்லை. அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. அப்படியானால் ஆத்தா?

"தரை ஏன் தாயி அசையணும்? அதுக்கு என்ன கேடு?"

ஐஸ்வர்யா ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் தலை நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பாறைக்கு அவளைக் கூட்டிப் போனாள். மாடத்திக்கு அது தெரிந்த பாறைதான். ஊர்ப் பிள்ளைகள் அதில் சில்லு உடைத்துத் தரையில் கோடு போடுவார்கள்.

"இது சுண்ணாம்புக் கல். ஆலங்குளம் பக்கம் சிமெண்டுக்கு வெட்டினார்களே, அந்த வகை. இது முதலில் கல்லாக இல்லை. கடலுக்கு அடியில் படிந்த சேறு."

"எந்தக் கடல்? தூத்துக்குடிக் கடலா?"

"அந்தக் கடல் அப்போது பிறக்கவே இல்லை. அது வேறு கடல். அந்தச் சேறு பூமிக்குள்ளே வெகு ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மடிந்து, இப்படிப் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. பிறகு மேலே இருந்த மலையெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போகப் போக, இது மெல்ல மெல்ல மேலே வந்து தலை காட்டுகிறது."

"மேல மலை இருந்துச்சா? இங்கனயா?" மாடத்தி நாலு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை கருவேலும் சோளத்தட்டைக் காடும்தான். "எப்ப?"

"இது வெந்தது ஏறக்குறைய ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால்."

கோடி என்றால் மாடத்திக்கு முருகன் கோயிலில் கோடி அர்ச்சனை என்று போர்டு வைப்பார்களே, அதுதான் தெரியும். சரி என்று தலையாட்டினாள்.

ஐஸ்வர்யா வெயிலுக்குக் கழுத்தில் போட்டிருந்த துண்டின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். "அப்போது இந்தியா தனியாக இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை எல்லாமே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டுகிறபோது நடந்த நெரிசலில் தரையே நசுங்கிச் சிதைந்த கோடுகள் உண்டு. துணியில் தையல் போட்ட இடம் மாதிரி. அப்படி ஒன்று மேற்கு மலையில் அச்சன்கோவில் பக்கத்திலிருந்து தென்கிழக்காக வருகிறது. அதே மாதிரிக் கோடு மடகாஸ்கரிலும் இருக்கிறது. இது இரண்டும் ஒன்றுதான் என்று பல பேர் சொல்கிறார்கள். இல்லை என்கிறவர்களும் உண்டு."

"மடகாஸ்கரு எங்கன இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம். ஆப்பிரிக்காவை ஒட்டி."

"ஒட்டிக்கிட்டு இருந்தது அம்புட்டுத் தூரம் எப்பிடிப் போச்சு?"

"பிரிந்துவிட்டது. முதலில் ஆப்பிரிக்கா. பிறகு ஏறக்குறைய ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால் மடகாஸ்கர். நாம் வடக்கே நகர்ந்து போய் ஒரு பெரிய நிலத்தில் மோதினோம். மோதின இடம்தான் இமயமலை. இன்னும் மோதிக்கொண்டேதான் இருக்கிறோம். அந்த அழுத்தம் இங்கே வரைக்கும் இருக்கிறது. பழைய பலவீனமான இடம் எங்காவது ஒரு மயிரிழை நழுவினால், அதுதான் உங்கள் கைக்குத் தெரிந்தது."

மாடத்தி அந்தப் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். தான் நிற்கிற இடமே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று கேட்ட பிறகு நிற்க முடியவில்லை. காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி, "இந்தக் கரிசல்?" என்று கேட்டாள்.

"கரிசல் ரொம்பப் பின்னால் வந்தது. அது எப்படி வந்தது என்று எங்களுக்குள்ளேயே ஒரே பேச்சாக இல்லை. பாறை அங்கேயே உதிர்ந்தது என்று சிலர், தண்ணீர் கொண்டு வந்து போட்டது என்று சிலர்."

"ஒங்களுக்கும் தெரியாததா?" படித்தவர்களுக்கும் தெரியாது என்பது அவளை இன்னும் கலக்கியது. "யாரு தாயி பிடிச்சு வடக்கத் தள்ளுனது?"

ஐஸ்வர்யா சிரிக்கவில்லை. "பூமிக்குள்ளே இருக்கிற சூடு என்று சொல்வோம். அதற்கு மேல் நீங்கள் கேட்கிற மாதிரிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை."

மாடத்தி கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டாள். "இன்னொரு தடவ அசையறதா இருந்தா, முன்னக்கூட்டியே கைய வச்சுப் பாத்தாத் தெரியுமா?"

"தெரியாதும்மா. எந்தக் கையாலும் முடியாது. கருவியாலும் முடியாது. நடந்த பிறகு நடந்தது என்று சொல்லும். நாளைக்கே வரலாம், நூறு வருஷம் வராமலும் இருக்கலாம்."

"அன்னைக்கு மேடை எரிஞ்சது அதனாலயா?"

"அவ்வளவு சின்ன அசைவு ஒரு டம்ளரைக்கூடக் கவிழ்த்திருக்காது. இருந்தாலும் அது அதனால்தான் என்றும் சொல்ல மாட்டேன், அதனால் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் அங்கே இல்லையே."

வீட்டுக்கு வந்து சின்னச்சாமியிடம் சொன்னாள். "நம்ம ஊரு முன்ன கடலா இருந்துச்சாம். பெறகு உள்ள போயி வெந்துச்சாம். பெறகு தச்சாகளாம், பெறகு பிரிஞ்சு போச்சாம். இப்பயும் வடக்க போய்க்கிட்டுத்தான் இருக்காம்."

"வடக்கயா? அப்ப நான் மதுரைக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போக வேண்டியதில்ல. நாலு நா பொறுத்திருந்தா இதுவே கொண்டுபோய் விட்ரும்" என்றான் அவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். "ஏ புள்ள, இப்ப ஒனக்கு என்ன மனசுல?"

"ஆத்தா சொன்னதா, நெலம் அசஞ்சதான்னு ரெண்டுக்கும் நடுவுல கெடக்கேன். எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா எனக்குத் தெரியாதுங்கறது மட்டும் தெரிஞ்சு போச்சு. அந்தப் புள்ள பிரீத்திகாவ நாந்தான தெனமும் உள்ள அனுப்பறேன்?"

சின்னச்சாமி எழுந்து போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து வைத்தான்.

திங்கட்கிழமை காலை வேன் வந்து நின்றது. மாடத்தி இறங்கினாள். குனியவில்லை. பெண்கள் காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் மாடத்தி. "இத்தன நாளும் நீங்க கேட்டீகளேன்னு சொன்னேன். எனக்கு எதுவும் கேக்கல. அன்னைக்கு நெலம் அசஞ்சிருக்கு. அது என் கையில பட்டுச்சு. அம்புட்டுத்தான். மறுபடி அசையுமா, எரியுமான்னு யாருக்கும் தெரியாதாம். எனக்கும் தெரியாது."

ஒருவரும் நகரவில்லை. பாண்டிமீனாதான் முதலில் பேசினாள். "நெலம்னா யாருக்கா? அதுவும் ஆத்தாதான? இன்னைக்கி ஏதோ சரியில்ல, அதான் சொல்ல மாட்டேங்குறீக. வெளிப்படையாச் சொல்லிருங்க."

"அய்யோ, அப்பிடி இல்லடி!"

அவள் எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவு பயம் கூடியது. மாடத்தி வாயே திறக்க மாட்டேனென்கிறாள், இன்றைக்கு என்னமோ இருக்கிறது என்று பின்வரிசை வரை போய்விட்டது. ஒருத்தியும் அறைப் பக்கம் போகவில்லை. சபரிநாதன் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? லாரி வந்து நிக்குது. வழக்கம்போலச் சொல்லிரு, போவாக."

"தெரியாம எப்பிடி சார் சொல்ல?"

"இத்தன நாளும் தெரிஞ்சா சொன்ன?"

"தெரியாமத்தான் சொன்னேன். அதான் இனிமே மாட்டேன்."

அவர் போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். பேசப் பேச முகம் சிறுத்தது. போனை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஒரே ஒரு வார்த்தம்மா" என்றார்.

"சார், நீங்க சொல்லுங்களேன்" என்றாள் பாண்டிமீனா திடீரென்று. "நீங்கதான போர்மேன். மருந்து, மேடை, ரூம்பு எல்லாம் ஒங்க பொறுப்புதான? ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க. போறோம்."

அத்தனை கண்களும் சபரிநாதன் மேல் இருந்தன. அவர் திரும்பி ஒவ்வோர் அறையாக நடந்தார். அடைத்திருந்த கதவுகளை இரண்டு பக்கமும் திறந்து வைத்தார். மேடையருகே வழியில் கிடந்த ஒரு தட்டைக் கையாலேயே அப்புறப்படுத்தினார். திரும்பி வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னால ஆனதப் பாத்துட்டேன்" என்றார். "ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணச் சொன்னா, எனக்கும் தெரியாதும்மா."

அப்படி ஒரு போர்மேன் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். மீதிப்பேர் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. மாடத்திக்கு வேறு வேலை கிடையாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் அந்தத் தரையும் வடக்கேதான் போகிறது. அவள் தன் அறைக்கு நடந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

பாண்டிமீனா வாசலுக்கு வந்து நின்றாள். "தெரியாமத்தான போயி உக்காந்திருக்கீக?"

"தெரியாமத்தான்டி."

பாண்டிமீனா திரும்பித் தன் மகளைப் பார்த்தாள். "நீ வீட்டுக்குப் போடி."

"ஏம்மா? நீ மட்டும்?"

"போன்னா போ. அந்தா போறாகள்ல, அவுகளோட போ. இந்தப் பக்கம் இனிமே வராத."

பிரீத்திகா முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் வேலிப் படலைத் தாண்டி ரோட்டில் ஏறுகிற வரைக்கும் பாண்டிமீனா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து மாடத்திக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கட்டுக் குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.